அங்கோர் நுழைவுச்சீட்டு: கேமராவோடு போகிறவர் எதை வாங்கலாம்?

கம்போடியாவில் சியெம் ரீப் நகரை ஒட்டியுள்ள, பழங்காலக் கோயில்கள் நிறைந்த அங்கோர் பூங்காவுக்கு மூன்று வகைச் சீட்டு உண்டு. ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. ஒரே நாளில் முக்கியமான கோயில்களைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்பார்கள். பார்க்க மட்டும் என்றால் அது ஓரளவு சரிதான். படம் எடுக்கப் போகிறவருக்கு ஒருநாள் சீட்டு வீண் செலவு. மூன்று நாள் சீட்டு கட்டாயம் வேண்டும். நான்காவது நாளும் ஊரில் தங்குவதாக இருந்தால் ஏழு நாள் சீட்டை எடுத்துவிடுவதே நல்லது. 10 டாலர் கூடக் கொடுத்தால் நான்கு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது.

எல்லாம் வெளிச்சத்தைப் பொறுத்தது. பெரும்பாலான கோயில்கள் கிழக்கு பார்த்தவை. அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. பாயோன், பந்தெய் ஸ்ரெய், தா ப்ரோம் ஆகிய கோயில்கள் எல்லாமே முடிந்தவரை காலை ஒன்பது மணிக்குள் எடுக்க வேண்டியவை. ஆனால் அவை காலை 7:30க்குத்தான் திறக்கின்றன. ஒரு காலைக்கு ஒரு கோயில் என்பதே நடக்கக்கூடிய கணக்கு. ஒருநாள் சீட்டில் ஒரு விடியலும் ஒரு மாலையும்தான் உண்டு. அன்று வானம் மூடியிருந்தால் 37 டாலரும் போச்சு. மூன்று நாள் சீட்டை 10 நாள்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை. ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாத அவகாசம் இருக்கிறது. மேகம் கவிந்த நாளில் ஓய்வெடுத்து, தெளிந்த நாளில் போகலாம். படக்காரருக்கு இந்தச் சீட்டில் உள்ள மிகப் பெரிய நன்மை இதுதான்.

அங்கோர் எண்டர்பிரைஸ் நடத்தும் சீட்டு மையம் கோயில்களுக்குப் பக்கத்தில் இல்லை, நகரத்தின் விளிம்பில் 60ஆம் எண் சாலையில் இருக்கிறது. வழியில் வேறெங்கும் சீட்டு கிடைக்காது. மையத்திலேயே முகத்தைப் படமெடுத்துச் சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். அவர்களுடைய அதிகாரப்பூர்வத் தளத்திலும் வாங்கலாம். விடியற்காலைத் திட்டம் இருந்தால் முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு அங்கே வரிசையில் நின்றால் வானம் சிவக்கும் நேரம் வரிசையிலேயே கழிந்துவிடும். ஒவ்வொரு கோயில் வாசலிலும் சோதிப்பார்கள். தொலைத்தால் மறுபடி முழுப் பணம் கட்ட வேண்டும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. கைபேசியில் வைத்திருப்பவர்கள் மின்சாரம் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 வயதுக்குட்பட்டோருக்குச் சீட்டு வேண்டாம், பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் வாங்கும் சீட்டு மறுநாள் தேதியிட்டு வரும். அன்றைய அஸ்தமனத்துக்கும் அதையே காட்டி உள்ளே போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நவம்பர், டிசம்பரில் சூரியன் 5:30 தாண்டியதுமே மறைந்துவிடுகிறது. ஐந்து மணிக்குச் சீட்டு வாங்கி, வாடகை வண்டியான டுக்டுக்கில் ஏறி, உச்சியில் கோயில் உள்ள ப்னோம் பாக்கெங் குன்றை நடந்து ஏறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதோடு மேலே ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். மே முதல் ஆகஸ்ட் வரை அஸ்தமனம் ஆறே கால், ஆறரை வரை தள்ளிப்போவதால் அந்த மாதங்களில் இந்தச் சலுகை உண்மையிலேயே பயன்படுகிறது. அப்போதும் பாக்கெங்கைவிட ப்ரே ரூப் கோயிலே நல்லது. இரண்டுமே மாலை ஏழு வரை திறந்திருக்கும். ப்ரே ரூப்பின் செங்கல்லும் செம்புறைக்கல்லும் கடைசி அரைமணி வெயிலில் கனல்போல் சிவந்து நிற்கும். சூரியனைப் படமெடுப்பதைவிடச் சூரியனுக்கு முதுகு காட்டிக் கோயிலை எடுப்பதே அங்கே லாபம்.

இனி எல்லோரும் கேட்கும் காட்சி: அங்கோர் வாட் சூரியோதயம். அங்கோர் வாட்டும் ஸ்ரா ஸ்ராங் குளக்கரையும் காலை ஐந்து மணிக்கே திறக்கின்றன. மேற்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்து நடைபாதையில் போனால் இரு பக்கமும் குளங்கள். இடப்பக்கம் இருக்கும் வடக்குக் குளத்தின் கரைதான் படம் பிடிக்கும் இடம். நடைபாதையில் நேர் எதிரே நின்றால் ஐந்து கோபுரங்களில் மூன்றுதான் தெரியும், பின்னிரண்டும் முன்னிரண்டின் பின்னால் ஒளிந்துகொள்ளும். குளக்கரைக்கு ஒதுங்கினால் ஐந்தும் பிரிந்து தெரியும். ஐந்தேகாலுக்குள் முதல் வரிசை நிரம்பிவிடும். கேமராவை முடிந்தவரை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கி வைத்தால் பிரதிபலிப்பு முழுதாக விழும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மி.மீ. அளவே போதும், 16 மி.மீ. போட்டால் கோபுரங்கள் சுருங்கிப்போகும்.

நிறம் உச்சத்தில் இருப்பது சூரியன் எழுவதற்கு முந்தைய 20-30 நிமிடங்களில். டிசம்பர், ஜனவரியில் உதயம் ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையே. ஜூனில் ஐந்தரையைத் தாண்டியதும். வானத்துக்கும் கோயிலுக்கும் வெளிச்சத்தில் நான்கைந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது) வித்தியாசம் இருக்கும். வானத்துக்கு அளவு வைத்துக் கோயிலைக் கருநிழலாக விடலாம். இல்லையென்றால் முக்காலித் தாங்கியில் (ட்ரைபாட்) வைத்து இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பின்னால் இணைக்கலாம். அட்டவணையில் போட்டிருக்கும் உதய நேரத்தில் வட்டச் சூரியன் தெரியாது. நடுக்கோபுரம் தரையிலிருந்து சுமார் 65 மீட்டர் உயரம். அதைத் தாண்டி ஒளி வர இன்னும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். பலர் ஆறரைக்கே கிளம்பிவிடுவதால் பொறுமையாக நிற்பவருக்கு முன்வரிசை தானாகக் கிடைக்கும்.

மாதத்தையும் பார்த்துப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கே எழுவதால் வடக்குக் குளத்திலிருந்து பார்க்கும்போது கோபுரங்களை ஒட்டி வரும். ஜூனில் இடப்பக்கம் வெகுதூரம் விலகி மரங்களுக்குப் பின்னால் போய்விடும்; அப்போது இந்தக் காட்சிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் 21-23 தேதிவாக்கில் நடைபாதையில் நின்றால் நடுக்கோபுரத்தின் உச்சிக்கு நேர் மேலே சூரியன் ஏறும். அந்த நாள்களில் கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். கடும் கோடையில் குளத்து நீர் இறங்கிவிடும், பிரதிபலிப்பு பாதி கிடைத்தாலே அதிகம்.

உண்மையில் அங்கோர் வாட்டின் அருமையான வெளிச்சம் காலையில் இல்லை. மேற்கு பார்த்த கோயிலுக்கு வெயில் நேராக விழுவது மாலை மூன்றரைக்குப் பிறகுதான். அதே குளக்கரை, அதே ஐந்து கோபுரம். ஆனால் கல்லின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும், நிறம் தேன்போல் மாறும், கரையில் கூட்டமும் குறைவு. பூங்காவின் ஆகச்சிறந்த ஒரு மணி நேரம் இது, இருந்தும் பெரும்பாலோர் அப்போது பாக்கெங் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கட்டுப்பாட்டை நினைவில் வைக்க வேண்டும்: கோயில் 5:30க்கு மூடப்படும். குளிர்காலத்தில் அஸ்தமனமும் அப்போதே வருவதால் கடைசி வெளிச்சம்வரை உள்ளே இருக்கலாம். ஜூனில் நல்ல வெளிச்சம் தொடங்கும்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள்; அப்போது கோயிலைச் சூழ்ந்த அகழிக்கு இந்தப்புறம், மேற்குக் கரையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அகழியின் அகலம் கிட்டத்தட்ட 190 மீட்டர் என்பதால் 70-200 மி.மீ. தொலைவு லென்ஸ் கையில் இருக்கட்டும்.

புடைப்புச் சிற்பங்களுக்கும் இதே திசைக் கணக்குதான். கிழக்குப் பிரகாரத்தின் தென்பாதியில் இருக்கும் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளம், 92 அசுரர்கள், 88 தேவர்கள். காலை வெயில் நேராக உள்ளே வந்தால் தூண்களின் நிழல் சிற்பத்தின்மேல் பட்டை பட்டையாக விழுந்து படத்தைக் கெடுக்கும். சூரியன் ஏறி, வெளித்தரையில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளி உள்ளே வரும் பத்து மணிவாக்கில் எடுங்கள். கைபட்டுக் கைபட்டு மெருகேறிய இடங்களில் கல் பளபளக்கும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியை லென்ஸில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் அடங்கும். மேற்குப் பிரகாரத்தின் குருக்ஷேத்திரப் போரும் இலங்கைப் போரும் பிற்பகலுக்கு உரியவை. பக்கான் எனப்படும் மேல்தளத்துக்கு ஏறத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், தொப்பியைக் கழற்ற வேண்டும். பௌத்தப் புனித நாள்களில் மேல்தளம் திறக்காது. அந்தத் தேதிகளைத் தங்கும் விடுதியில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாயோனில் அகலக்கோண லென்ஸைப் பையிலேயே வைத்துவிடலாம். அங்கே 70-200தான் வேலை செய்யும். 135 மி.மீ.க்கு மேல் போனால் முன்னும் பின்னும் உள்ள கோபுரங்களில் செதுக்கிய புன்னகை முகங்கள் ஒன்றின் தோளில் ஒன்றாக நெருங்கி வரும். திறந்தவுடன் போனால் கிழக்கு முகங்களில் சாய்வான ஒளி கிடைக்கும். உச்சிவெயிலில் கண்குழியும் உதட்டு வளைவும் கருநிழலாகி அந்தப் புன்னகையே தொலைந்துவிடும்.

மரவேர்கள் கற்சுவர்களைக் கவ்வி நிற்கும் தா ப்ரோமுக்கு வெயிலே வேண்டாம். மரக்கிளைகளின் ஊடே விழும் வெளிச்சத் திட்டுகளும் கருநிழலும் சேர்ந்தால் எந்தக் கேமராவாலும் சமாளிக்க முடியாது. மேகம் மூடிய நாளை இதற்கென்று ஒதுக்குங்கள், வேர்களின் வெண்மையும் பாசியின் பச்சையும் சீராக வரும். உதயம் பார்த்தவர்கள் எல்லோரும் காலை உணவு முடித்து நேராக இங்கேதான் வருவார்கள். அதனால் 7:30க்கே வாசலில் நிற்க வேண்டும், அல்லது 4:30க்கு மேல் போக வேண்டும். மரமும் கோபுரமும் பின்னிய படம்தான் வேண்டும் என்றால் பெரிய சுற்றுப்பாதையில் உள்ள தா சோமின் கிழக்கு வாசல் இன்னும் நல்லது. வெளிப்புறத்திலிருந்து மேற்கு நோக்கி எடுக்க வேண்டும், காலை வெயில் முகப்பில் நேராக விழும், நெரிசலும் இல்லை.

பந்தெய் ஸ்ரெய் கி.பி. 967இல் குடமுழுக்கு கண்ட கோயில். நகரிலிருந்து டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கென்று தனியாக ஒரு காலை ஒதுக்க வேண்டும். இளஞ்சிவப்பு மணற்கல் என்பதால் நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைப் பிழையென்று எடுத்துக்கொண்டு நீலமாக்கிவிடும். பகல்வெளிச்ச அளவில் பூட்டி வையுங்கள், கேமரா திருத்தாத மூலப் படமான ரா கோப்பும் சேர்த்து எடுங்கள். உட்பகுதியைக் கயிறு கட்டி அடைத்திருப்பதால் வாசல் நிலைகளின் மேலுள்ள சிற்பங்களுக்கு 200 மி.மீ. வரை தேவைப்படும்.

கெடுவது எங்கே என்றால், முதலில் லென்ஸில் படியும் ஆவி. குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் ஈரக்காற்று கண்ணாடியில் படிந்துவிடும். தெளிய இருபது, முப்பது நிமிடம் ஆகும், உதயம் அதற்குள் முடிந்துபோகும். துடைத்தால் மறுபடி படியும். இரவே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனம் இல்லாத இடத்தில், குளியலறையில்கூட, வைத்துவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை புழுதி அதிகம். டுக்டுக்கில் போய்க்கொண்டே லென்ஸ் மாற்ற வேண்டாம். டுக்டுக்கைப் பேசும்போது விடியற்காலைப் பயணம், பந்தெய் ஸ்ரெய் தூரம், மாலை காத்திருப்பு மூன்றையும் சொல்லியே வாடகை முடிவு செய்யுங்கள். அங்கோர் வாட் வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இறங்கும்போதே வண்டியையும் ஓட்டுநர் சட்டையில் உள்ள எண்ணையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

ட்ரோனுக்குப் பூங்காவை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தின் அனுமதி வேண்டும். வணிகப் படப்பிடிப்புக்கும் அப்படியே. பிக்குகளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பொருள் விற்க வரும் சிறுவர்களிடம் வாங்கவும் கூடாது, காசு கொடுத்துப் படம் எடுக்கவும் கூடாது; அது அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கி வைக்கிறது.

தொலைவில் உள்ள இடங்களில் சில சீட்டில் அடங்கும், சில அடங்காது. காடு சூழ்ந்த பெங் மெலியா கோயிலுக்கு இதே சீட்டு செல்லும். ப்னோம் குலேன் மலைக்கும் கோ கேருக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். மூன்று நாள் சீட்டு வைத்திருப்பவர் பெங் மெலியாவுக்கு ஒரு நாளைக் கொடுத்தால் பாயோன் காலையோ பந்தெய் ஸ்ரெய் காலையோ போய்விடும். அங்கே போயே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் 72 டாலர் சீட்டையே எடுக்கலாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் போகிறவர்களுக்கும் அதுவே பொருந்தும். அகழி நிரம்பி, கல்லெல்லாம் பச்சை பூத்திருக்கும் காலம் அது. ஆனால் நான்கு மாலையில் மூன்றை மழை எடுத்துக்கொண்டாலும் கலங்காமல் இருக்கும் அளவுக்குக் கையில் நாள் இருக்க வேண்டும்.