எம்.எஸ். நோய்: வெளியிலிருந்து வரும் தாக்குதலா, உள்ளேயே நடக்கும் அழிவா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒருவருக்குக் கால் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது என்றால் முதலில் இனிப்பு நீரைத்தான் சந்தேகிப்பார்கள். அப்புறம் ரத்த அழுத்தம். இரண்டும் இல்லையென்றால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு வைட்டமின் ஊசி. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., யார் நினைவுக்கும் வராது. அதைப் பெரிய குற்றமாகவும் சொல்ல முடியாது. உலகத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்ந்தாலும், மலேசியாவில் லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இருக்கிறது.

அந்தச் சிலரில் ஒருவர் எங்களுக்குத் தெரிந்த அக்கா. தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன்பு பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். வலது செருப்பின் முனை மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் தரையோடு உரசி நடப்பதால் வந்த தேய்மானம். ஒருநாள் அவர் கேட்டார்: “தம்பி, ஈப்போவுல மருந்து ஏத்துறாங்க. ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்ல, நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. அப்ப ஏன் இந்தக் கால் மட்டும் வருஷா வருஷம் மோசமாவுது?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எம்.எஸ். ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மூளையில் வரும் அழற்சிதான் மூலம், நரம்பு அழிவது அதன் விளைவு என்பது ஒரு கட்சி. மூளைக்குள்ளேயே செல்கள் நலிந்து அழிகின்றன, அழற்சி அதற்குப் பின்னால் வருவது என்பது இன்னொரு கட்சி.

முதல் கட்சியின் கதை நேரானது. ரத்தத்தில் இருக்கும் டி, பி வெள்ளணுக்கள் மூளையின் தடுப்பைத் தாண்டி உள்ளே போய், நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. தாக்கிய இடத்தைப் பொறுத்துப் பார்வை மங்கும், கை மரக்கும், நடை தடுமாறும். சில வாரங்களில் பெரும்பாலும் குறையும், பிறகு வேறோர் இடத்தில் வரும். இதைத்தான் ரிலாப்ஸ் என்கிறார்கள்.

ஆதாரம் இவர்கள் பக்கம் கனமாகவே இருக்கிறது. நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணுக்களைத் தேடிய 2011ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. 2022இல் அதைவிடப் பெரிய சாட்சி வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளை வைத்து ஹார்வர்டு குழு பார்த்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் கசியும். அந்த வீரர்களின் ரத்தத்தில் அது கூடியது வைரஸ் தொற்றுக்குப் பிறகுதான், முன்பு அல்ல. நரம்பு முதலில் தானாக நலிந்து, பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆனால், அந்த வைரஸ் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாருடைய உடம்பிலும் இருக்கிறது. அது மட்டுமே போதுமென்றால் தோட்டத்தில் பாதிப் பேர் படுத்திருப்பார்கள்.

இனி இரண்டாவது கட்சி. 1998இல் புரூஸ் டிராப் குழு, இறந்த எம்.எஸ். நோயாளிகளின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தது. அழற்சி மும்முரமாக இருந்த புண்களில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11,000க்கும் அதிகமான நரம்பிழைகள் அறுந்து கிடந்தன. அதுவரை ‘உறை போகும், இழை தப்பிக்கும்’ என்றுதான் பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பால் மரத்தில் கத்தி பட்டையோடு நின்றால் பட்டை மறுபடி வளரும். ஆழமாக இறங்கி உள்மரத்தில் காயம் போட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து, திரும்ப வெட்டவே முடியாமல் போகும். உறை போவதற்கும் இழை அறுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். இந்த ஆய்வை இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதுதான் வேடிக்கை. அழற்சி இருந்த இடத்தில்தானே அறுந்தது என்பார் ஒருவர். நோயின் தொடக்கத்திலேயே இழை சாகிறதே என்பார் மற்றவர்.

2004இல் பார்னெட், பிரினியஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி போனார்கள். புத்தம்புதிதாக உருவான புண்களில் மயலினைச் செய்யும் செல்கள் செத்துக் கிடந்தன, வெள்ளணுக்களோ அங்கே அதிகம் இல்லை. ‘முதலில் சாவு, பிறகு அழற்சி’ என்ற வாதத்துக்கு இதுதான் தூண். எனக்கு இது அரைகுறைத் தூணாகவே தெரிகிறது. கையில் கிடைத்த மூளைகள் மிகச் சில. அதுவும் நோய் மிகக் கடுமையாகத் தாக்கி இறந்தவர்களுடையவை.

அதைவிட என்னை அசைத்தது மருந்துகளின் அனுபவம். 1990களில் கேம்பிரிட்ஜில் அலெம்டுசுமாப் என்ற கடுமையான மருந்தை, நோய் ஏற்கெனவே, உடல் படிப்படியாக மோசமாகும் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரிலாப்ஸ் அடங்கியது. ஸ்கேனில் புதுப் புண் வருவதும் ஏறக்குறைய நின்றது. நோயாளிகளின் நடை மட்டும் தொடர்ந்து மோசமானது, மூளையும் சுருங்கிக்கொண்டே போனது. அக்கா கேட்டது அப்படியே ஆராய்ச்சி முடிவாக வந்ததுபோல. அதே மருந்தை நோயின் தொடக்கத்திலேயே கொடுத்தபோது பலன் நன்றாக இருந்தது. அழற்சியைத் தடுக்க ஒரு காலம் இருக்கிறது, அது கடந்த பிறகு தடுத்தால் கிடைப்பது கொஞ்சம் என்று இதற்கு அர்த்தம். பிரான்சின் லியோன் நகரில் 1,844 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2000இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. உடல் படிப்படியாக மோசமாகத் தொடங்கிவிட்ட பிறகு, நடுவில் ரிலாப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் சரிவின் வேகம் பெரிதாக மாறவில்லை.

இந்த இழுபறியில் ஒரு தெளிவு 2023இல்தான் எனக்குக் கிடைத்தது. 12,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், ‘நோய் யாருக்கு வருகிறது’ என்பதை விட்டுவிட்டு ‘வந்தவர்களில் யாருக்கு வேகமாக முற்றுகிறது’ என்று மரபணுவில் தேடினார்கள். ஒரு குறிப்பிட்ட மாற்றம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்கு ஊன்றுகோல் ஏறக்குறைய நான்கு வருடம் முன்பாகவே தேவைப்பட்டது. அந்த மாற்றத்தை ஒட்டியிருக்கும் மரபணுக்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தைவிட மூளை, தண்டுவடத்தோடு அதிகம் தொடர்புள்ளவை. ஆக, நோய் வருவதை நிர்ணயிப்பது ஒரு வகை மரபணு, அது போகும் வேகத்தை நிர்ணயிப்பது இன்னொரு வகை. இரண்டு கட்சியும் வேறு வேறு கேள்விக்குச் சரியான பதிலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகின்றன என்பது என் கணிப்பு. ஆரம்பத்தைப் பற்றி முதல் கட்சி சொல்வதை நான் ஏற்கிறேன், சக்கர நாற்காலியைப் பற்றி இரண்டாவது கட்சி சொல்வதை.

அப்புறம், உள்ளே நடப்பதை ‘அழற்சியே இல்லாத அழிவு’ என்று நினைத்தால் அதுவும் தப்பு. பழைய புண்களின் விளிம்பில் மைக்ரோக்ளியா என்ற மூளையின் சொந்தக் காவல் செல்கள் இரும்புச்சத்தைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. சிறப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தால் புண்ணைச் சுற்றி ஒரு கரிய வளையம் தெரியும். அப்படிப்பட்ட புண்கள் நான்கு அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு உடல் முடக்கம் சீக்கிரமே வருவதாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. வழக்கமான ஸ்கேனில் சாய மருந்து ஏற்றிப் பார்ப்பது புதிதாகத் தடுப்பு உடைந்த இடத்தை. தடுப்பு மூடிக்கொண்ட பிறகு உள்ளே நடப்பதில் சாயம் ஒட்டாது. ‘ஸ்கேன் நல்லா இருக்கு’ என்று டாக்டர் சொன்னதும் உண்மை, கால் இழுப்பதும் உண்மை.

மருந்துக் கடைக்கு வருவோம், அங்கேதான் ஒப்பீடு சூடு பிடிக்கிறது. 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி, ரிலாப்ஸைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். பி அணுக்களை ஒழிக்கும் ஓக்ரிலிசுமாப், அந்த இன்டர்ஃபெரானோடு மோதிய பரிசோதனைகளில் ரிலாப்ஸை மேலும் 46 சதவீதம் போலக் குறைத்தது. முதல் கட்சிக்கு இது பெரிய வெற்றி. ஆனால் தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகையில் அதே மருந்தின் பலன் சுமார்: உடல் முடக்கம் கூடியவர்கள் மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 39.3 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 32.9 சதவீதம். மூலக்கூறின் அளவில் பார்த்தால் இது பெரிய புரதம், மூளைக்குள் மிகக் கொஞ்சம்தான் போகும்.

மூளைக்குள் நுழையும் சின்ன மாத்திரைகளில் இப்போது அதிகம் பேசப்படுவது டோலிப்ருட்டினிப். பி அணுக்களையும் மைக்ரோக்ளியாவையும் சேர்த்து அடக்க முயல்வது. ரிலாப்ஸைக் குறைப்பதில் அது பழைய மாத்திரையான டெரிஃப்ளூனமைடை ஜெயிக்கவில்லை. ஆனால் ரிலாப்ஸ் நின்றுபோய் இரண்டாம் கட்டத்தில் மெல்லச் சரிந்துகொண்டிருந்தவர்களில் முடக்கம் கூடியவர்கள் 22.6 சதவீதம், மருந்தில்லாதவர்களில் 30.7 சதவீதம் என்று 2025இல் வெளியான பரிசோதனை காட்டியது. ரிலாப்ஸில் சாதாரணமான ஒரு மருந்து சரிவில் வேலை செய்கிறது என்றால், இரண்டும் வேறு வேறு வேலை என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம். குறையும் உண்டு, ஈரலைக் கவனிக்க வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த எவோப்ருட்டினிப் 2023இல் ரிலாப்ஸ் பரிசோதனையில் தோற்றுப்போனது.

அழிந்த உறையை மறுபடி வளர்க்கும் மருந்துகள் மூன்றாவது வழி. ஆசைப்பட வைத்தவை அதிகம், கைகொடுத்தவை குறைவு. அதிக அளவு பயோட்டின் 2020இல் கைவிட்டது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையான கிளெமாஸ்டின், பார்வை நரம்பில் சமிக்ஞை ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியது, அதோடு சரி.

எனக்கு வந்திருந்தால் எதைக் கேட்பேன்? புதிதாக வந்திருந்தால், வீரியமான மருந்தை முதலிலேயே கொடுங்கள் என்று. மெதுவான ஊசியில் ஆரம்பித்து ஏணி ஏறுவது மனசுக்கு நிம்மதியாக இருக்கலாம், ஆனால் அந்த வருடங்களில் அறுந்த இழை திரும்பி வராது. விலை பற்றிய பயத்துக்கு ஒரு ஆறுதல்: ஓக்ரிலிசுமாபின் மலிவான மூத்த உறவான ரிடக்சிமாபை எம்.எஸ். நோய்க்கென்று அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2023இல் சேர்த்துவிட்டது. அக்காவைப் போல ரிலாப்ஸ் இல்லாமல் ஊர்ந்து போகும் கட்டத்தில் இருப்பவர்களுக்கோ, புதுப் புண் இல்லை என்பதை மட்டும் வெற்றியாக எண்ணாமல், நடை வேகத்தையும் கை வேலையையும் ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கச் சொல்வேன்.

வெயில் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் கால் துணிபோல ஆவதும், குளிர்ந்த தண்ணீரில் குளித்ததும் தேறுவதும் புதுப் புண்ணால் அல்ல. உறை போன இழையில் உடம்புச் சூடு கொஞ்சம் கூடினாலும் சமிக்ஞை நின்றுவிடும். பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, வெளிவேலையைக் காலையில் முடித்துக்கொண்டால் போதும்.

இந்த இரண்டு கட்சிச் சண்டைக்கும் முந்திய கேள்வி ஒன்று நம் பக்கத்து ஆட்களுக்கு இருக்கிறது: இது எம்.எஸ்.தானா? நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும்தான் தாக்கும். ஐரோப்பாவில் அது எம்.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் மிக அரிது, மலேசியாவில் இரண்டுக்கும் அவ்வளவு இடைவெளி இல்லை. 2004இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அதற்கான எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) கண்டுபிடித்ததிலிருந்து ரத்தப் பரிசோதனையில் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஸ்கேனில் தண்டுவடப் புண் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ ஓடினால் உடனே அந்தப் பரிசோதனைக்கு ரத்தத்தை அனுப்புவார்கள். எம்.எஸ்.ஸுக்கு நல்லது செய்யும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் மூன்றும் அந்த நோயை மோசமாக்கக்கூடியவை. ரிடக்சிமாப் இரண்டுக்கும் கொடுக்கப்படுகிறது.