மூடிய அறையில் 22 பேரா, திறந்த அவையில் 200 பேரா?

உலகக் கோப்பைக் கால்பந்தை எந்த நாடு நடத்துவது என்பதை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இரண்டு விதமாக முடிவு செய்திருக்கிறது.

முதலாவது, செயற்குழு முறை. 2010 டிசம்பர் 2, ஜூரிச். உறுப்பினர்கள் 24 பேர். ஓட்டுக்குப் பேரம் பேசியதாக ஒரு செய்தித்தாள் அம்பலப்படுத்தியதில் இருவர் இடைநீக்கம், மீதி 22. 2022 போட்டிக்கான இறுதிச் சுற்றில் கத்தார் 14, அமெரிக்கா 8. கத்தாரின் கோடை வெயில் வீரர்களுக்கு ஆபத்து என்று ஃபிஃபாவின் மதிப்பீட்டு அறிக்கையே முன்கூட்டி எச்சரித்திருந்தது. யார் யாருக்குப் போட்டார்கள்? ரகசியம். என்னை உறுத்துவது இதுதான்: 12 பேரைச் சரிக்கட்டினால் ஒரு உலகக் கோப்பையே கைக்கு வந்துவிடும்.

அடுத்தது, எல்லா நாடுகளும் ஓட்டுப் போடும் முறை. 2018 ஜூன் 13, மாஸ்கோ. 2026 போட்டிக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ கூட்டணிக்கு 134, மொராக்கோவுக்கு 65. எந்த நாடு எந்தப் பக்கம் என்ற பட்டியலும் வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விலைக்கு வாங்குவது லேசான காரியமில்லை. வாங்கினாலும் தடயம் இருக்கும்.

சரி, இதில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. 2034-க்கு சவூதி அரேபியா மட்டுமே களத்தில் நின்றது. விருப்பம் தெரிவிக்க ஃபிஃபா கொடுத்த அவகாசம் ஒரு மாதம்கூட இல்லை. 2024 டிசம்பரில் 2030, 2034 இரண்டையும் சேர்த்தே, காணொளியில் கைதட்டச் சொல்லி முடித்துவிட்டார்கள். அங்கே எண்ண ஓட்டே இல்லை.

என் தேர்வு இரண்டாவது முறைதான். ஆனால் குறைந்தது இரண்டு போட்டியாளர்களாவது வேண்டும், ஒவ்வொரு போட்டிக்கும் தனி வாக்கெடுப்பு வேண்டும்.