எட்டு ஆண்டுகளாக ஒரே ஜெல் பெட்டியுடன்

கல்லூரி ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகளாக ஒரே கிடைமட்ட ஜெல் பெட்டியைத்தான் பயன்படுத்தி வருகிறேன். ஜெல்லில் மின்சாரம் செலுத்தி டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. ஆனால் ஒரே நீளத் துண்டுகள் சேர்ந்து உருவாக்கும் பட்டைகள் தெளிவாக விழுவதும் கலங்கிப்போவதும் பெட்டியின் விலையைப் பொறுத்தவை அல்ல. ஊற்றும் பஃபரையும் (அமில-கார நிலையை மாறாமல் காத்து மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்) வைக்கும் வோல்ட்டையும் பொறுத்தவை.

பாஸ்பேட் தொகுதிகளால் எதிர்மின்னூட்டம் பெற்ற டிஎன்ஏ, ஜெல்லாக உறையும் அகரோஸ் என்ற பொருளின் வலை இடுக்குகளில் புகுந்து நேர்மின்வாயை நோக்கி நகரும்போது, சிறிய துண்டுகள் முந்துகின்றன, பெரியவை பின்தங்குகின்றன. அன்றாட வேலைக்கு 1 சதவீத அகரோஸ் ஜெல் போதும். 200, 300 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளமுள்ள, பிசிஆர் முறையில் பெருக்கிய துண்டுகளுக்கு 2 சதவீதம் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பெட்டியில் மின்வாய்களுக்கிடையே 15 செ.மீ. இருப்பதால், செ.மீ.க்கு 5 வோல்ட் வீதம் 75 வோல்ட் வைப்பதே முறை. முதல் ஆண்டில், வகுப்பு முடிவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் 150 வைத்தேன். ஜெல்லின் நடுப்பகுதி சூடேறி அங்கிருந்த பட்டைகள் மட்டும் வேகமாக ஓடிவிட்டன. ஒப்பிட்டு அளக்க உதவும், நீளம் தெரிந்த துண்டுகளின் கலவையான லேடர், மாதிரி இடும் குழிகளில் ஓரத்துக் குழியில் இருந்ததால் எந்த அளவையும் நம்பிப் படிக்க முடியவில்லை.

பஃபரில் செய்த சிக்கனம் இன்னும் அதிகமாகப் படுத்தியது. டிஏஇ என்ற வழக்கமான ஜெல் பஃபரை மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை, ஓட்டத்தைக் காட்ட மாதிரியுடன் சேர்க்கும் புரோமோஃபீனால் நீலச் சாயம் நேர்மின்வாயை நெருங்க நெருங்க மஞ்சளாவதைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பக்கம் அமிலமாகிவிட்டது, பஃபர் தாங்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 50 மடங்குச் செறிவில் கலக்கி வைத்துக்கொண்டு தேவைப்படும்போது நீர் சேர்ப்பதற்குச் செலவும் அதிகமில்லை. அன்று முதல் முக்கியமான ஜெல்லுக்குப் பழைய பஃபரைத் தொடுவதில்லை.

மாணவர்களைப் பெரிதும் குழப்புவது வெட்டப்படாத பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் காணப்படும் சிறிய வட்ட டிஎன்ஏ). முறுக்கேறிய வட்டம், அதே நீளமுள்ள நேர்த்துண்டைவிட வழக்கமாக விரைந்து ஓடுவதால், அதை லேடருடன் ஒப்பிட்டு அளவு சொல்லக் கூடாது. ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பெட்டியில் பழுதானது ஒன்றே ஒன்று: ஏழாம் ஆண்டில் கழுவும்போது பிளாட்டினக் கம்பி அறுந்தது. அதை அறியாமல் ஓடவிட்டுச் சென்று, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சாயம் குழியை விட்டு நகரவேயில்லை. இப்போதெல்லாம் சுவிட்சைப் போட்டதும் இரு கம்பிகளிலிருந்தும் குமிழிகள் எழுவதைப் பார்த்த பிறகே நகர்கிறேன். புதிதாக வாங்குவோர், கம்பியை மட்டும் தனியாக மாற்றித் தருவார்களா என்று விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.