சிரம்பானில் தமிழில் இறையியல்: சேருவதற்கு முன் நான் பார்த்தவை

பதினெட்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். போன வருடம் ஒரு பையன், “டீச்சர், ஆதியிலே வார்த்தை இருந்ததுன்னா, யாரோ பேசினாங்களா?” என்று கேட்டான். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம், முறையாக இறையியல் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவசரப்பட்டு முதலில் ஓர் இணையக் கல்லூரியில் சேர்ந்தேன். கட்டணம் 1,200 ரிங்கிட். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், தேர்வெல்லாம் விடைக்கு டிக் அடிப்பது. சான்றிதழ் மட்டும் பளபளவென்று வந்தது. போதகர் ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு யாரும்மா அங்கீகாரம் கொடுத்திருக்காங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. மகளின் டியூஷனுக்கு எடுத்து வைத்த பணம் அது. இன்னும் மனம் ஆறவில்லை. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அங்கீகாரம் யாருடையது? உங்கள் சபை அதை ஏற்குமா?

பிறகுதான் சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் கல்லூரியைப் பார்க்கப் போனேன். மலாய்ப் பெயரான ‘செமினாரி தியோலோஜி மலேசியா’வைச் சுருக்கி எஸ்டிஎம் என்றால் சபைகளில் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகள் சேர்ந்து 1979இல் தொடங்கியது. 1998இலிருந்து சிரம்பானில் இருக்கிறது. தென்கிழக்காசிய இறையியல் கல்விச் சங்கத்தின் அங்கீகாரம் உண்டு. நான் லுத்தரன் என்பதால் என் சபையில் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையினருக்கு பெட்டாலிங் ஜெயாவில் அவர்களுடைய வேதாகமக் கல்லூரியே இருக்கிறது. அவர்கள் முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே படிக்கும் எங்கள் சபை அக்கா ஒருவர் என்னைத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்தார். அன்றைக்கு யோவான் நற்செய்தி முதல் அதிகாரம், அந்தப் பையன் கேட்ட அதே வசனம்! விரிவுரையாளர் பலகையில் அந்த வசனத்தின் கிரேக்கச் சொல்லான ‘லோகோஸ்’ என்பதை எழுதினார். அதன் கீழே பழைய மொழிபெயர்ப்பின் ‘வார்த்தை’, பக்கத்தில் 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ என்ற மொழிபெயர்ப்பின் ‘வாக்கு’. எது பொருத்தம் என்று கேட்டார். “வாக்குக் கொடுத்தா காப்பாத்தணும், வார்த்தைக்கு அந்தக் கனம் இல்லை” என்றார் ஒரு மெதடிஸ்ட் தம்பி. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, “எங்க அம்மா ‘வார்த்தை மாறாத ஆண்டவரே’ன்னுதான் ஜெபிப்பாங்க” என்றார். வகுப்பே சற்று நேரம் அமைதியாகிவிட்டது. அதன் பிறகுதான் அறிவு, ஒழுங்கு, காரணம் என்று கிரேக்கச் சொல்லின் மற்ற பொருள்களுக்குப் போனார்கள். இந்த வாதத்தை ஆங்கிலத்தில் நடத்தவே முடியாது. அந்தப் பையனுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

ஜெபிக்கிற மொழியில் படிப்பதுதான் எனக்கு முக்கியம். ஆங்கிலத்தில் நோட்ஸ் எடுத்து, சனிக்கிழமை இரவு அதைத் தமிழாக்கி, ஞாயிறு காலை பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி வழியிலேயே சாரம் போய்விடுகிறது.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியையும் யோசித்தேன். குடும்பப் பொறுப்பு இல்லாத இளையவர்கள் அதைத் தாராளமாகப் பார்க்கலாம். எனக்கு வீட்டில் மாமியார் இருக்கிறார், வேலையையும் விட முடியாது. என்னைப் போன்றவர்கள் கல்லூரியில் தங்காமல் படிக்க எஸ்டிஎம்மில் விரிவாக்கக் கல்வி உண்டு. அதன் ஆங்கிலச் சுருக்கமான டிஇஇ (TEE) என்று சொல்லிக் கேளுங்கள். எந்தப் பாடம், எந்த மொழியில், எந்த ஊரில் நடக்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பில் உட்கார்ந்தும் பாருங்கள். இணையப் பக்கத்தைப் படித்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

போதகர் ஐயா நேற்று சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பத்தோடு சேர்த்து திங்கள்கிழமை அனுப்புகிறேன்.