விற்ற பிறகு வரும் போன்

தென்காசியில் இருக்கும் என் சித்தி மகன் வீடு மாறுகிறான். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பிள்ளையுடைய சைக்கிள் என்று தள்ளிவிட வேண்டிய சாமான் நிறைய. "அண்ணே, நீங்கதான் ரொம்ப வருசமா பழைய சாமான ஆப்ல வித்துக்கிட்டு இருக்கீய, நம்பிப் போடலாமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. நல்லதும் உண்டு, மனம் நொந்துபோகிற அளவுக்குக் கெட்டதும் உண்டு. அவனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

விளம்பரம் எப்படிப் போடுவது, படம் எப்படி எடுப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பணம் கைக்கு வந்து, பொருள் வாசலைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

முதலில் நல்லது. விலை விஷயத்தில் ஆப்புக்கு இணை கிடையாது. பழைய சாமான் எடுப்பவர் வீட்டுக்கு வந்தால் தேக்குக் கட்டிலையும் விறகு விலைக்குத்தான் கேட்பார். எங்கள் ஆச்சி படுத்த கட்டிலை அப்படிக் கொடுக்க மனம் வராமல் ஆப்பில் போட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாத்தியார் மனைவியோடு வந்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார், கால் சேர்கிற மூலையில் கை வைத்து ஆட்டிப் பார்த்தார், சொன்ன விலையில் ஐந்நூறு குறைத்துக் கேட்டார். சரி என்றேன். வீட்டுக்குப் போனதும் பத்தமடைப் பாய் விரித்துப் போட்ட கட்டிலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி வாங்கியவர்கள் நிறையப் பேர். சைக்கிள் வாங்கிப்போன பையன் ஒருவன் இன்றும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான். முகம் தெரியாத மனிதர்கள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்றால் அதற்கு இவர்களும் ஒரு காரணம்.

வாசல் பேரம் ஒரு சின்னத் தொல்லை. போனில் ஆறாயிரம் என்று பேசி முடித்திருப்போம். வந்து பார்த்துவிட்டு, "நாலுதான் இருக்கு அண்ணாச்சி, இவ்வளவு தூரம் வந்திருக்கோம்லா" என்பார்கள். குறை எதுவும் சொல்ல மாட்டார்கள், வந்த தூரத்தைத்தான் சொல்வார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டால் போதும், தெருமுனை தாண்டுவதற்குள் போன் வரும். இதற்கு நான் பழகிவிட்டேன்.

அடுத்தது, "மிலிட்டரியில் இருக்கேன், டிரான்ஸ்பர் வந்திருக்கு, பொருளைப் பார்க்கவே வேண்டாம், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்கிற ஆள். அடையாள அட்டை போட்டோவும் அனுப்புவான். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் நம்பர் கேட்டாலே நம் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணம் வங்கியிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு இருக்கிறது. இது திருட்டு, இதில் வாதாட ஒன்றும் இல்லை.

வாதாட வேண்டி வருவது நேர்மையாக வந்து, நேர்மையாக வாங்கிப்போன மனிதரோடுதான். அதைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பழைய பிரிட்ஜ், சிங்கிள் டோர். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, குடும்பம் பெரிதானதால் பெரிய பிரிட்ஜ் எடுத்தோம். விளம்பரத்தில், "கதவு ரப்பர் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, காய்கறி டிரேயில் விரிசல் இருக்கிறது" என்றும் எழுதியிருந்தேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிறவர், பொறுமையான ஆள். வந்ததும் போன் டார்ச்சைப் போட்டுப் பின்பக்கம் குனிந்தார். கம்ப்ரஸர் மேல் இருக்கும் தண்ணீர் டிரே, ஸ்குரூ தலைகள், அடித்தகடு எல்லாவற்றையும் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி எங்கள் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கியது. சிந்துபூந்துறையிலும் வண்ணாரப்பேட்டையிலும் வீட்டுச் சாமான் எல்லாம் தண்ணீரில் கிடந்தது. அப்புறம் இந்த ஊரில் மோட்டார் உள்ள எந்தப் பொருளை விற்றாலும், "வெள்ளத்துல நனைஞ்சதா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பது நியாயம். கழுவித் துடைத்தாலும் ஸ்குரூ இடுக்கில் வண்டல் நிற்கும், அதைத்தான் அவர் தேடினார். எங்கள் வீடு பாளையங்கோட்டையில் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. அவர் பார்த்துத் திருப்தியானதில் எனக்கும் சந்தோஷம்.

முந்தின நாளே பிரிட்ஜை ஓடவிட்டு ஐஸ் டிரேயில் தண்ணீர் வைத்திருந்தேன். கட்டியாக உறைந்திருந்ததை அவர் கையிலேயே எடுத்துப் பார்த்தார். பணம் அனுப்பினார். குட்டி யானை லோடு வண்டி வந்தது. அதில் ஏற்கெனவே யாருடைய சோபாவோ இருந்தது. டிரைவர் பிரிட்ஜைச் சாய்த்துப் படுக்கப்போட்டார். "படுக்கப் போடாதீங்க, நிக்க வச்சுக் கட்டுங்க" என்றேன். இடம் இல்லை என்றார். வாங்கியவரிடம் தெளிவாகச் சொன்னேன்: படுக்கப்போட்டால் கம்ப்ரஸரில் இருக்கும் ஆயில் குழாய்க்குள் இறங்கும், வீட்டுக்குப் போனதும் ஸ்விட்ச் போடாதீர்கள், ராத்திரி முழுக்க நிமிர்த்தி நிற்கவிட்டுக் காலையில் போடுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் போன். "அண்ணாச்சி, கூலிங்கே இல்ல. ரூவாயத் திருப்பி அனுப்புங்க, பிரிட்ஜ ஏத்தி விடுதேன்." ஸ்விட்ச் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலிருந்து அவர் வீட்டம்மா குரல் கேட்டது: "வந்த ஒடனேயே பால் பாக்கெட்ட உள்ள வச்சுப் போட்டுட்டோம்." அவர்கள் ஊர் மெக்கானிக் வந்து பார்த்திருக்கிறார். பிரிட்ஜைக் குளிரவைக்கிற கேஸ் கொஞ்சம்கூட இல்லை, இது பழைய லீக், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பேசியது வாங்கியவர் இல்லை, அவருடைய மச்சான். முதல் வார்த்தையே, "கன்ஸ்யூமர் கோர்ட்டுல பாப்போம்."

ஆப்புக்குப் புகார் எழுதினேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. விதியில் அப்படித்தான் இருக்கிறது, தெரியும். ஆனாலும் என் கணக்கில் "மோசடி" என்று ஒருவர் எழுதிய புகார் நிற்கிறது, நான் எழுதிய பதில் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் ஒழுங்காக விற்றவனுக்கு அந்த ஒரு சொல் எப்படி இருக்கும்?

கடைசியில் நான் வழக்கமாகக் கூப்பிடும் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வள்ளியூர்ப் பக்கம் போனேன். அவர் கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு, சோப்பு நுரையைத் தொட்டுப் பின்பக்கக் குழாய் நெடுகத் தடவிக்கொண்டே வந்தார். வலது பக்கம், வளைவுக்குச் சற்று மேலே, நுரை பொட்டுப்பொட்டாகக் கிளம்பியது. அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து குழாய் நசுங்கியிருந்தது. நைலான் கயிறு இழுத்த தடம் அதற்கு இரண்டு பக்கமும் தகட்டில் பளிச்சென்று இருந்தது. ஏற்றிக் கட்டியபோது ஆன வேலை. வாங்கியவர் குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மச்சான் மட்டும், "நல்ல பொருளா இருந்தா கயித்துக்கு ஏன் போவுது?" என்றார்.

பற்றவைத்து கேஸ் நிரப்பும் செலவில் பாதியை நான் கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று என் வீட்டிலும் சொன்னார்கள், மெக்கானிக்கும் சொன்னார். அந்த மனிதரின் சம்பளத்தில் பிரிட்ஜ் என்பது பெரிய விஷயம், பிள்ளைகள் வேறு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கொடுத்தேன். ஆனால் கோபம் தீரவில்லை. அவர் மேல் இல்லை. லீக் எங்கே என்று தேடிப் பார்க்காமலே "பழைய லீக்" என்று சொன்ன அவர்கள் ஊர் மெக்கானிக் மேலும், குரலை உயர்த்தினால் பணம் வரும் என்று நினைத்த மச்சான் மேலும்தான்.

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வாங்குபவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகை அழுத்திப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். நடுவில் ஒரு தரகர் நிற்பார். அவர் கமிஷனுக்குத்தான் நிற்கிறார், ஆனாலும் என்ன பேசினோம், என்ன பார்த்தோம் என்பதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவரிடம் போகலாம். ஆப்பில் அந்த ஆள் இல்லை. என் வார்த்தையும் உங்கள் வார்த்தையும் மட்டும்தான், அதற்குள் யாருடைய மச்சானும் நுழையலாம். இத்தனை வருடத்தில் எனக்கு வந்த எல்லாத் தகராறும் இந்த இடத்திலிருந்துதான் வந்தது.

கோர்ட் என்றதும் பயமாகத்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் மாமாவிடம் கேட்டேன். வீட்டில் பயன்படுத்திய சொந்தப் பொருளை எப்போதாவது விற்கிறவன் வியாபாரி ஆக மாட்டான், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையே உள்ளதற்குத்தான் என்றார். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவும் பொதுவாக வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும் என்ற பக்கம்தான் நிற்கிறதாம். "ஆனா மருமகனே, தெரிஞ்சே பொய் சொல்லி வித்தா அது வேற. ஒப்பந்தச் சட்டப்படி அந்த வியாபாரத்தையே ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம்" என்றார். அதனால் ரப்பர் கிழிந்ததையும் டிரே விரிசலையும் விளம்பரத்தில் எழுதியது வீண் போகவில்லை. குறையை எழுதினால் விலை கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். எழுதாமல் விற்பவர்களை எனக்குப் பிடிக்காது. வாங்க வருகிறவர்கள் எங்களை எல்லாம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அவர்களும் காரணம்.

பைக் விற்றது இன்னொரு கதை. சங்கரன்கோவில் பக்கம் போனது. பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புக்கையும் கொடுத்தேன். "அடுத்த வாரமே பேர் மாத்திருதேன்" என்றார். மாற்றவில்லை. ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என் போனுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. போன் அடித்தால் முதலில் எடுத்தார், பிறகு எடுக்கவே இல்லை. ஆயிரம் ரூபாயோடு முடிந்தால் பரவாயில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவருக்குப் பேர் மாற்ற அவசரமே இல்லை, அவசரம் முழுக்க விற்றவருக்குத்தான். இப்போது யாராவது கேட்டால், அரசின் பரிவாகன் இணையதளத்தில் பேர் மாற்ற விண்ணப்பம் போட்டு ரசீது கண்ணால் பார்க்காமல் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும்.

தரகர் இல்லாத குறைக்கு நான் செய்வது இதுதான். பொருள் ஓடுவதை வாங்குபவரின் போனிலேயே வீடியோ எடுக்கச் சொல்கிறேன். என் போனில் எடுத்தால் அது என் சாட்சி, அவர் போனில் இருந்தால் அவராலும் மறுக்க முடியாது. அப்புறம் நான்கு வரி: என்ன பொருள், என்ன குறை, எவ்வளவு பணம், ஓடுவதைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் வண்டியில் ஏற்ற விடுவேன். இதற்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒருவர், "என்ன அண்ணாச்சி, பத்திரப் பதிவு மாதிரிலா இருக்கு" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். போகட்டும், அந்த "சரி"யைப் போட மனமில்லாதவர் நாளைக்கு என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு நல்லது சொன்னேன், விலையில் இணை இல்லை என்றும் சொன்னேன், எல்லாம் உண்மை. கட்டில், பீரோ, சைக்கிள், பிள்ளைகளின் புத்தகம் என்று கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடுகிற எதையும் தாராளமாகப் போடலாம், நானும் போடுவேன். ஆனால் மோட்டார் உள்ள பொருளை இனி நான் ஆப்பில் போட மாட்டேன். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அடுத்து நிற்கிறது. நன்றாக ஓடுகிறது, ஆப்பில் நல்ல விலையும் போகும். அதை வண்ணாரப்பேட்டையில் பழைய மெஷின் எடுத்து ரிப்பேர் பார்த்து விற்கிறவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். அவர் பாதி விலைதான் தருவார். தரட்டும். மாடியிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும் அவருடைய ஆட்கள், கட்டுவதும் அவருடைய கயிறு.