மச்சாளின் பயத்தம் மாவும் என் சன்ஸ்கிறீனும்

ஆடி மாதம் காலை எட்டரைக்கு சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகருக்கு ஸ்கூட்டியில் வந்து பாருங்கள். கச்சான் காற்று முகத்தில் அறையும். உப்புவெளி தாண்டுவதற்குள் உதடு காய்ந்துவிடும். இரண்டு வருடம் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே ஓடினேன். ஒருநாள் கண்ணாடி முன் நாடியைத் தூக்கிப் பார்த்தால், வார் படிகிற இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு என் பழைய நிறம். மற்றதெல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தது.

அதே வீதியில் அதே நேரம் ஓடுகிறவள் என் மச்சாள். அவள் பார்மசிப் பக்கம் போகாதவள். பயத்தம் மா, கஸ்தூரி மஞ்சள், தேங்காயெண்ணெய், பருத்திச் சால்வை, அவ்வளவுதான். நான் பேஸ்வாஷ், மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிறீன் என்று மூன்று போத்தல்காரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் முகம் எண்ணெய் வழிகிற, பரு வருகிற முகம். அவளுடையது வறண்டது. அவளுக்குச் சரிவருவது எனக்கு வராமல் போனால் அது மாவின் குற்றமல்ல.

கழுவுவதில் உண்மையில் மூன்று பேர் போட்டி. குளிக்கிற சவர்க்காரத்தாலேயே முகத்தையும் கழுவுகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். எனக்கு அது மூன்றாம் இடம். சாதாரணச் சவர்க்காரத்தின் பிஎச் 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். அதோடு எங்கள் கிணறு சவர்த் தண்ணீர். தண்ணீரில் உள்ள கல்சியத்தோடு சவர்க்காரம் சேர்ந்தால் வாளி விளிம்பில் படிகிற வெள்ளைப் பிசுக்கு, முகத்திலும் கொஞ்சம் தங்கும். கழுவின பிறகு 'முகம் இழுக்குது' என்கிறோமே, அதைச் சுத்தத்தின் அடையாளம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

பயத்தம் மா இதைவிட எவ்வளவோ மேல். எண்ணெயை உறிஞ்சும், தோலை அப்படி வறட்டாது. ஆனால் நன்றாக அரித்த மாவாக இருக்க வேண்டும். தேய்க்கக்கூடாது, குழைத்துப் பூசி அலசிவிட வேண்டும். பருவின் மேல் தேய்த்தால் பரு உடையும், தழும்பு நிற்கும். ஈரக் கை பட்ட மாப் போத்தலைக் குளியலறையில் வைத்தால் பூஞ்சணம் வரும்; மச்சாள் ஒருமுறை முழுப் போத்தலையும் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். இன்னொரு சிக்கல், மா சன்ஸ்கிறீனைக் கழற்றாது. அது தண்ணீருக்குக் கரையாதபடி செய்த பொருள். ஆகவே சன்ஸ்கிறீன் பூசாதவருக்கு மா தாராளமாகப் போதும். பூசுகிறவருக்கு இரவில் ஒருதரம் பேஸ்வாஷ் வேண்டும், வாசனையும் நுரையும் குறைந்ததாக. காலையில் நான் வெறும் தண்ணீர்தான். போத்தலும் நெடுநாள் வருகிறது.

ஈரப்பதனில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேங்காயெண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை, இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் மூடும். அதனால் குளித்துத் துடைத்த உடனே, உடம்பு ஈரமாக இருக்கும்போது பூச வேண்டும். மச்சாளின் கைகால் கச்சானிலும் வெடிக்காமல் இருப்பதன் ரகசியம் இதுதான். அதே எண்ணெயை நான் நெற்றியில் பூசி ஒரு கிழமையில் ரவை ரவையாய்க் குருணை கிளம்பியது. துளையடைக்கும் எண்ணெய் அது. பரு வரும் முகத்துக்கு வேண்டாம். கிளிசரின், நியாசினமைட் என்று லேபிளில் போட்ட மெல்லிய மொய்ஸ்சரைசர் ஏதாவது போதும், விலை கூடியதைத் தேட வேண்டியதில்லை. மார்கழி மழையில், காற்றே ஈரமாக இருக்கும்போது, காலையில் அதையும் விட்டுவிடுகிறேன்.

வெயில் விஷயத்தில்தான் எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம். 'சந்தனமும் மஞ்சளும் பூசின அம்மம்மா எண்பது வயசிலயும் மினுங்கினா' என்பது மச்சாளின் கட்சி. அம்மம்மா ஸ்கூட்டி ஓடவில்லை என்பது என் கட்சி. சந்தனம் குளிர்ச்சி தரும், மஞ்சள் நிறம் தரும். புற ஊதாக் கதிரைத் தடுக்க இரண்டையும் நம்ப முடியாது. நாங்கள் இருப்பது வட அகலாங்கு எட்டரைப் பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடற்கரையானால் கீழிருந்தும் வரும்: காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிலாவெளி மணலில் குடையின் கீழ் இருந்தும் முகம் கறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சன்ஸ்கிறீன் போத்தலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்பது தடுப்பு எண். எஸ்பிஎஃப் 30 சரியாகப் பூசினால் யூவிபி என்கிற, தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கடையில் நின்று தலையைப் பிய்க்க வேண்டாம். போத்தலில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். யன்னல் கண்ணாடியையும் தாண்டி வருகிற யூவிஏ என்ற மற்றப் புற ஊதாக் கதிருக்கு அதுதான் மறிப்பு. பிழை பெரும்பாலும் அளவில். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிழிய வேண்டும், முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் கணக்கு. நான் முதல் ஆறு மாதம் கடலைப் பருப்பளவு பூசிக்கொண்டு 'இது வேலை செய்யுதில்லை' என்று திரிந்தேன். ஒழுங்கான அளவில் பூசினால் 50 கிராம் டியூப் ஒன்று நாளுக்கு ஒருதரம் என்றால் ஒன்றரை மாதத்துக்குக் கிட்டத்தான் வரும். வெளியில் நிற்கிற வேலைக்காரர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பப் பூச வேண்டும், அவர்களுக்கு அதுவும் வராது. செலவு இங்கேதான் இருக்கிறது.

அதிலும் இரண்டு சாதி. சிங்க் ஒக்சைட் போட்ட மினரல் வகை கண்ணை எரிக்காது, ஆனால் எங்கள் நிறத்தில் வெளுப்பாய்த் தெரியும். முதல் நாள் அதைப் பூசிக்கொண்டு போனபோது அலுவலகத்து அக்கா, 'என்ன பிள்ளை, ரொட்டிக்கு மா குழைச்சிட்டு அப்படியே வந்திட்டியா?' என்று கேட்டார். கெமிக்கல் வகை தெரியாமல் இறங்கும், ஆனால் வியர்த்தால் கண்ணுக்குள் எரியும். நான் கண்ணைச் சுற்றி முன்னது, மிச்சத்துக்குப் பின்னது. கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் இரும்பு ஒக்சைட் கலந்த, நிறமூட்டிய வகையைத் தேடுங்கள். மங்கைக் கூட்டுவது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். புறாமலைத் தீவுக்கு நீந்தப் போகிறவர்கள் ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் இல்லாத சன்ஸ்கிறீனை எடுங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று ஹவாய் 2021-இலிருந்து அதன் விற்பனையைத் தடுத்திருக்கிறது.

ஆனாலும் கைக்கு மச்சாள்தான் வெற்றி. முழுக்கைச் சட்டையும் சால்வையும் வியர்வையில் வழியாது, இரண்டு மணித்தியாலத்தில் தீராது. என் கை கறுத்தது, அவளுடையது இல்லை, கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் காப்பு மாதிரி ஒரு கறுப்பு வளையத்தைத் தவிர. அவள் சறுக்கியது தேசிக்காயில். கோயில் தண்ணீர்ப்பந்தலில் நாள் முழுக்கத் தேசிக்காய் பிழிந்து, கையைக் கழுவாமல் வெயிலில் நின்றாள். சாறு மணிக்கட்டில் வழிந்த கோடு கோடாகவே கொப்பளித்து, கறுத்து, மாதக்கணக்கில் நின்றது. தேசிச்சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் சுடும். அதையே முகத்தில் தேய்க்கச் சொல்கிறவர்களை என்னவென்பது!

பத்துப் படிக் கொரியன் முகப் பராமரிப்பு முறை பற்றிக் கேட்பவர்களுக்கு: எனக்கு ஆறரைக்கு எழும்பி சமைக்க வேண்டும். ஒரு கிழமையில் கைவிட்டேன்.

லேபிளில் உள்ளடக்கம் போடாத சின்ன டப்பா 'வெள்ளையாக்கும்' கிறீமை இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். இப்படியானவற்றில் பாதரசமோ வீரியமான ஸ்டீரொய்டோ இருப்பது உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். ஸ்டீரொய்ட் தோலை மெலிய வைத்து, நிறுத்தின உடனே பருவும் சிவப்புமாய்த் திருப்பி அடிக்கும். ஏற்கெனவே பூசுகிறவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்.

இப்போது இருவரும் பாதிப் பாதி. நான் அவளுடைய சால்வைக்கும் குளித்த பின் எண்ணெய்க்கும் மாறியிருக்கிறேன், முகத்தைத் தவிர. அவள் என் சன்ஸ்கிறீனுக்கு வந்துவிட்டாள், காசு மட்டும் இன்னும் வரவில்லை. டியூபை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைக்காதே, சூட்டில் பழுதாகும் என்று சொல்லியிருக்கிறேன். தீர்ந்துவிட்டது என்று அவள் எறியப் போன டியூபைக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினேன். உள்ளே இன்னும் மூன்று நாளைக்குக் கிடந்தது.