அலுமினிய நுரைக்கு சீரியம்: 10 சதவீத இங்காட்டா, 20 சதவீதமா?

துளைகள் நிறைந்த அலுமினிய நுரையை வலுப்படுத்தச் சேர்க்கும் சீரியத்தைத் தனி உலோகமாக வாங்கிக் கையாள்வது வம்பு. சுரண்டினாலே பொறி பறக்கும். லைட்டர் கல்லில் இருப்பதும் அதுதான். அலுமினியத்தோடு கலந்து வரும் மாஸ்டர் அலாய் இங்காட்டே (வார்ப்புக் கட்டியே) வசதி.

20 சதவீத சீரியம் உள்ள இங்காட் பாதி எடை போதும் என்பதால் லாபம் போலத் தெரியும். நுரை வேலைக்கு அது சரிப்படாது. 10 சதவீதம் ஏறக்குறைய யூடெக்டிக் கலவை, அதாவது மிகக் குறைந்த வெப்பத்தில் முழுதாக உருகும் விகிதம். 640 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். 20 சதவீதத்தில் அலுமினியமும் சீரியமும் சேர்ந்த சேர்மம் பெரிய பெரிய படிகமாக நிற்கும். அது உருகாது, மெல்லக் கரையத்தான் வேண்டும். அலுமினியத்தைவிடக் கனம் என்பதால் மூசையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணக்குப்படி போட்டும் நுரையில் சீரியம் குறைவது இதனாலும் இருக்கலாம்.

நுரையில் 0.5 சதவீத சீரியத்துக்கு 950 கிராம் அலுமினியம், 50 கிராம் 10 சதவீத இங்காட். இங்காட்டை ஈரம் போக 200 டிகிரியில் சூடாக்கி, 730 டிகிரியில் இருக்கும் உருகலுக்குள் அமிழ்த்திக் கலக்குங்கள். மேலாகவே உருக விட்டால் சீரியம் ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும். பிறகு 680 டிகிரிக்கு இறக்கி உருகலைக் குழம்பாக்க 1.5 சதவீதம் கால்சியம், கடைசியில் வாயு விட்டு நுரைக்கவைக்கும் டைட்டானியம் ஹைட்ரைடு 1.6 சதவீதம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கால்சியத்தால் உருகல் குழம்பாகிவிட்டால் சீரியம் பரவாது.

சீரியத்தை அளவாகப் போட்டால் செல் சுவரில் (துளைகளுக்கு இடையிலுள்ள உலோகத்தில்) படிக மணிகள் நுண்மையாகும், சுவர் வலுக்கும். 1 சதவீதம் தாண்டினால் சேர்மம் ஊசி ஊசியாக வளரத் தொடங்கும். நுண்ணோக்கியில் நன்றாகவே தெரியும். அழுத்தச் சோதனையில் சமதளமாகப் போகவேண்டிய கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கினால், சுவர்கள் மடங்காமல் நொறுங்குகின்றன என்று அர்த்தம்.

"வலிமை 30 சதவீதம் கூடும்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் அடர்த்தியைக் கேளுங்கள். நுரையின் வலிமை ஒப்படர்த்தியின் (நுரையின் அடர்த்தியைத் திட அலுமினியத்தின் அடர்த்தியால் வகுத்தது) ஏறக்குறைய 1.5 அடுக்கில் ஏறும். 0.10 என்பது 0.12 ஆனாலே, சீரியம் துளிகூட இல்லாமல், 31 சதவீதம் கூடிவிடும்! ஒரே அடர்த்தியுள்ள துண்டுகளை, பக்க அளவு சராசரித் துளையைப் போல் 10 மடங்காவது இருக்கும்படி வெட்டி, உலோக நுரைக்கான அழுத்தச் சோதனைத் தரமான ஐஎஸ்ஓ 13314 முறையில் ஒப்பிட்டால்தான் சீரியத்தின் பங்கு தெரியும்.

சீரியத்தோடு லாந்தனமும் கலந்த மிஷ்மெட்டல் இங்காட் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யும். இரும்பு அளவை மட்டும் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.